எப்போதும் ஒன்றாம் அறை

மார்ச் 4
குளிர்க்கிடங்கில் இன்று என் புரோகிராம் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு அறைகள், அமோனியா வாயு கசிந்தால் அளந்து சொல்ல அறைக்கொரு கருவி. அளவுகளைப் பெரியதிலிருந்து அடுக்கி, முதலில் நிற்கும் அறையின் எண்ணைத் திரையில் காட்ட வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் ஆறு மாதம் கேட்டார்களாம். நான் ஒரே மதியத்தில் முடித்தேன். சரி, மூன்று மதியம்.

முதலில் "அறை 0" என்று வந்தது. அப்படி ஓர் அறையே கிடையாது. கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும், தெரியாதவன் திண்டாடியிருப்பான். நான் ஒன்றைக் கூட்டிவிட்டேன். மேனேஜர் பிடித்த கையை அரை மணி நேரம் விடவில்லை.

தங்கை வீட்டுக்காரர் அங்கேதான் ஃபிட்டர். "பத்தாவது தாண்டல, கம்பெனியையே ஆட்டி வைக்கிறீங்களே மச்சான்" என்றார்.

மார்ச் 9
"உங்க மெஷினுக்கு ஒண்ணாம் ரூம் மேல என்ன கோபம் மச்சான்? தினம் அதையே காட்டுது. போய்ப் பார்த்தா ஒண்ணுமில்ல."
கருவிக் கோளாறு மாப்பிள்ளை, என் கணக்கு தப்பாது என்றேன். அதை மாற்றச் சொல்லி உத்தரவே போட்டேன். அதாவது, மேனேஜரிடம் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 13
புதுக் கருவி. மறுபடியும் ஒன்றாம் அறை.

மார்ச் 17
சைரன் அடித்தது. திரையில் ஒன்றாம் அறை. அதனால் மாப்பிள்ளை ஒன்றாம் அறையைத் தவிர்த்து, ஒன்பதாம் அறை வழியாகச் சுற்றி, வால்வை மூட ஓடியிருக்கிறார். கசிந்தது ஒன்பதில்.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் செயற்கை சுவாசக் குழாய் போட்டிருக்கிறார்கள். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணாம் ரூம்னுதானே அண்ணே உன் மெஷின் சொல்லுச்சு?" என்றாள்.
கருவிக் கோளாறு என்றேன்.

மார்ச் 19
புரோகிராமைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட கட்டளை அளவுகளை மட்டும் அடுக்கிவிட்டு, அவற்றோடு இருந்த அறை எண்களைப் பிய்த்தெறிந்து, பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று புதிதாக ஒட்டியிருக்கிறது. எந்த அறையில் கசிந்தாலும் முதலிடத்துக்குப் பூஜ்யம்தான். எண்ணை விடாமல் அடுக்குவதற்கு வேறு கட்டளை இருக்கிறது, கையேட்டில் அதே பக்கத்தில்.

அந்தப் பூஜ்யம் முதல் நாளே சொன்னது. ஒன்றைக் கூட்டி அதன் வாயை அடைத்தது யாருடா?

மார்ச் 20
கட்டளையை மாற்றி, சைரன் அடித்த நாளின் அளவுகளை மறுபடி ஓட்டினேன். ஒன்பதாம் அறை முதலில் வந்தது. மாப்பிள்ளைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

மார்ச் 24
தங்கை வீட்டில் துக்கம் கேட்க வந்த மேனேஜர் என்னைக் காட்டி, "இவர் ஒரே மதியத்துல புரோகிராம் போட்டவரு. கருவிக்காரன்தான் ஏமாத்திட்டான்" என்றார்.
"மூணு மதியம் சார்" என்றேன். "கருவி சரியாத்தான் இருந்துச்சு."
சுவரில் சாய்ந்திருந்த தங்கை நிமிர்ந்தாள்.
"சொல்லு" என்றாள்.