கரியன் மன்னிப்புக் கேட்க மாட்டான்

மார்ச் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணுக்கால் வரை தண்ணீர். செருப்பு அறுந்து, சேலை நனைந்து பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். ஏற்கெனவே எரிச்சல்.

செய்தி: கரியனுக்குத் தனித் தொடர். இத்தனை நாள் நீலப்புலி படக்கதையில் ஓரமாக வந்து போனவன். நீலப்புலி கெட்டவனைப் பிடித்துப் போலீசில் ஒப்படைப்பான். கரியன் ஒப்படைக்க மாட்டான், தானே முடித்துவிடுவான். அதற்குத்தான் வாசகர் கடிதம் மூட்டையாக வருகிறதாம். ஆசிரியர் செல்லையா சாருக்கு வயிற்றெரிச்சல். நீலப்புலி அவர் பிள்ளை. கரியன் நான் பெற்றது.

சந்தோஷப்படக்கூட விடவில்லை மனுஷன்.

"கலா, மொத இதழ் கடைசிப் பக்கத்துல கரியன் கண்ட்ராக்டர்கிட்ட மன்னிப்பு கேக்கணும் லா."

"எதுக்கு சார்? கண்ட்ராக்டர்தானே அவன் வீட்ட இடிச்சான்?"

"குடும்பப் பத்திரிகைமா. பிள்ளைங்க படிக்குது. ஒனக்கு முடியலேன்னா சொல்லு, வேற ஆள் வரையட்டும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். வாயில் வந்ததை இங்கேகூட எழுத முடியாது.

மார்ச் 6, புதன்

வெயில். பென்சிலில் போட்ட பக்கங்களைக் காட்டினேன். கடைசியில் கரியன் முழங்கால் போட்டு, கைகூப்பி. செ. சார் வசனம் எழுதிவிட்டார்: "என்னை மன்னித்துவிடுங்கள், ஐயா."

"இப்பதான் மனுஷனா இருக்கான்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அப்பா ஞாபகம். அப்பா வேலை பார்த்த டெங்கில் ரப்பர் தோட்டத்தில் லோரி கவிழ்ந்தபோது, ஓட்டினவனை விட்டுவிட்டு அப்பாவைத்தான் பிடித்தார்கள். மேனேஜர் முன்னால் கைகட்டி, "மன்னிச்சிருங்க ஐயா." பக்கத்தில் நான், பள்ளிக்கூடச் சட்டையோடு. மேனேஜர் மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் அதிகக் கோபம். இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் வரைந்தவன் கரியன். செத்தாலும் அவன் கேட்கக் கூடாது.

மார்ச் 9, சனி

மை போடும் வேலை. வாங்க: கருப்பு மை 2, மெல்லிய தூரிகை, அம்மாவுக்குத் தைலம், வெங்காயம்.

கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக வரைந்தது: கண்ட்ராக்டர் தரையில். நெஞ்சில் கரியனின் கால், கழுத்தில் கை. சுற்றிலும் கருப்பு. வசன பலூன் வைக்கவே இல்லை. அவன் வாய் மூடியிருக்கிறது.

செ. சார் இதைப் பார்க்கப் போவதில்லை. படம் தாமதமானால் நேரே கிள்ளான் அச்சகத்துக்குப் போகும். வசனம் ஆபீசிலிருந்து பக்க எண் போட்டுத் தனியாகப் போகும். அங்கே மணியம் துண்டு துண்டாக வெட்டி பலூனுக்குள் ஒட்டுவான். சார் பார்ப்பது அந்த வசனத் தாளை, தேடுவது எழுத்துப் பிழையை மட்டும். அதனால் வேண்டுமென்றே தாமதம் செய்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

கிள்ளான் பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். முதுகு வலி.

மணியம்: "என்னக்கா, கடைசிப் பக்கம் இவ்ளோ கருப்பு?"

"அப்படித்தான். போடு."

எதிர்க்கடையில் தே தாரே, நுரை பொங்க ஆற்றிய டீ. நன்றாக இருந்தது. வேலை போகும். போகட்டும்.

மார்ச் 20, புதன்

இதழ் வந்துவிட்டது. பாய் கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கரியனின் வாயருகே கோணல்மாணலாக ஒரு வெள்ளை பலூன். உள்ளே, "என்னை மன்னித்துவிடுங்கள், ஐயா." கீழே கழுத்து நெரிபடுகிறது.

பொதுத் தொலைபேசியில் மணியத்தைப் பிடித்தேன்.

"வசனம் ஒண்ணு மிச்சம் இருந்துச்சுக்கா. பலூன் போட மறந்துட்டீங்கன்னு நானே வெள்ளத் தாள வெட்டி ஒட்டிட்டேன். சரியா வந்திருக்கா?"

நல்லவன். உதவிதான் செய்திருக்கிறான். ஆனாலும் திட்டினேன். காசு தீரும்வரை திட்டினேன்.

மார்ச் 23, சனி

செ. சார் கூப்பிட்டனுப்பினார். சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்றுதான் போனேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடையில ஒரு புக்கு இல்ல லா. மன்னிப்பு கேட்டுக்கிட்டே கொல்றான்! எல்லாரும் அதத்தான் பேசுறாங்க. யார் வசனம்? என் வசனம்."

"சார், அந்தப் படம்..."

"படம் மாத்துனத அப்புறம் பேசிக்கலாம். இனி ஒவ்வொரு இதழ்லயும் அவன் அதச் சொல்லித்தான் முடிக்கணும்."

"மாட்டேன் சார். அவன் யார்கிட்டயும் கேக்க மாட்டான்."

"அவன் கேப்பான்மா. நீ வரையிறியா, வேற ஆள் வரையட்டுமா?"

காஜாங்கில் ஒருத்தன் இருக்கிறானாம், சீக்கிரம் வரைவானாம். அவன் கையில் கரியன். செ. சாரின் சட்டைப் பையில் மையை ஊற்ற வேண்டும் போலிருந்தது. ஊற்றவில்லை. "யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். அந்தக் குரலை எனக்கே பிடிக்கவில்லை.

மினி பஸ் நிறுத்தத்தில் இரண்டு தடிப்பயல்கள். ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க ஐயா." சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அறையலாம் என்று வந்தது.

மார்ச் 24, ஞாயிறு

புழுக்கம். அம்மா கோயிலுக்குக் கூப்பிட்டாள், போகவில்லை. இரண்டாம் இதழுக்குப் பென்சில் போட்டாயிற்று. கடைசிப் பக்கத்தில், கரியனின் வாயருகே, பலூனுக்கு இடம் விட்டிருக்கிறேன்.