முன்பின் மாறிய உருபு

சபாக், செவ்வாய் இரவு.

சாயங்காலம் என் கணவர், "புள்ளையைங்க கூப்பிடு" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். சற்று நேரத்தில், "கோழியைங்க அடைச்சிட்டியா?" என்றார்.

"கோழிங்களன்னு சொல்லுங்க."

"அதத்தான்லா சொன்னேன்!" என்று கோபப்பட்டார்.

பன்மை முதலில், வேற்றுமை உருபு அதற்குப் பிறகு. தமிழ்ப்பள்ளியில் நான் வருடந்தோறும் சொல்லிக்கொடுக்கும் வரிசை. படிக்காதவர் வாயிலும் அது பிறழாது. பயந்துபோய் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

மலாய் டாக்டரிடம் இதை எப்படி விளக்குவது? அவர்கள் சொல்லை இரண்டு முறை சொல்லியே பன்மை ஆக்குவார்கள். "பேச்சு மாறிவிட்டது" என்று மட்டும் சொன்னேன். மூளையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தம் கட்டியிருக்கிறது, உடனே வந்தது நல்லது என்றார்.

வார்டில் விட்டு வரும்போது கணவர் எதுவும் பேசவில்லை. கையை மட்டும் ஆட்டினார். பேச முடியவில்லையா, நான் திருத்துவேன் என்று பயந்தாரா, தெரியவில்லை.