கட்டியின் மறுபக்கம்

ஜூன் 9, திங்கள்
நீலாவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியின் ஆய்வு முடிவு வந்தது. அக்குள் முடிச்சுகளில் பரவவில்லை. செல்கள் பெருகும் வேகத்தை இந்த முறை பார்க்கவில்லை. முன்பு ஊசியில் எடுத்த துணுக்கில் நூற்றுக்கு எட்டு என்று வந்ததே போதுமாம். மெதுவாக வளரும் வகை. மாத்திரை மட்டும், கீமோ வேண்டாம். மௌலா அலியில் எங்கள் வீடு வரும்வரை ஆட்டோவில் நீலா பேசிக்கொண்டே வந்தாள். முடி கொட்டாது என்பதில்தான் அவளுக்கு நிம்மதி.

ஜூன் 11
ஊசி குத்தியது ஓர் ஓரத்தில். மறு ஓரம்?
ஆலை ஆய்வுக்கூடத்தில் உலோகத் தண்டின் தலை, நடு, அடி மூன்றையும் வெட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்திட்டதில்லை. ஆனால் உடம்பு உலோகமா? டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடும்?

ஜூன் 12
டாக்டரிடம் கேட்கப்போவதாக நீலாவிடம் சொன்னேன். "எல்லாக் குழி இட்லியையும் குத்திப் பாக்குற ஆளு நீங்க. அதெல்லாம் எங்கிட்ட நக்கோ, வேணாம்," என்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "பயமா இருக்குங்க. கேக்காதீங்க," என்றாள்.
எனக்கு மட்டும் பயமில்லையா?

ஜூன் 16
கேட்டுவிட்டேன். அறை வாசல்வரை போய், திரும்பி வந்து கேட்டேன். டாக்டர் ஹர்ஷிதா வேலூரில் படித்தவர், தமிழ் பேசுவார். "நியாயமான கேள்விதான் அங்கிள். கட்டி முழுக்க ஒரே வேகத்துல வளராது. மத்த இடத்துலயும் பாத்துடலாம்."
நீலா என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 23
நடுவில் பத்து. மறு விளிம்பில் ஓரிடத்தில் நாற்பது.
சராசரி எடுத்தால் குறையுமே என்றேன். பயந்தவன் போடும் கணக்கு. "வேகமா ஓடுற இடத்தை விட்டுட முடியாது அங்கிள்," என்றார். கீமோ.

ஜூன் 24
"கேட்டீங்கல்ல," என்றாள்.
நான் கேட்காவிட்டால் அந்த விளிம்பு சும்மா இருந்திருக்குமா? இருக்காது. தெரியும். இருந்தும் நானே கொண்டுவந்து அவ தலையில போட்ட மாதிரி — என்ன மனுஷன் நான்.

ஜூன் 30
முதல் கீமோ. பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொண்டாள். நான் வெளியே வராந்தாவில் இருந்தேன்.

ஜூலை 21
இரண்டாவது. தலையில் துணி கட்டியிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.
"மருந்து பாட்டில் போன தடவையைவிடச் சின்னதா இருக்கு. போய்க் கேளுங்க."
"நீயே கேளேன்."
"எனக்குக் கூச்சம். நீங்கதான் கேக்குற ஆளாச்சே."
நர்ஸிடம் கேட்டேன். மருந்து அதேதான், பாட்டில் அளவு மட்டும் வேறு. வந்து சொன்னேன். நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
உட்கார்ந்தேன்.