உயிஹா கோபுரத்தில் நான் சேர்த்த வரி

ஜனவரி 13, செவ்வாய்

மூன்றாவது நாளாக அதே கதை. பாங்காய் அலுவலகத்தில் மைக்கில் பேசினால் இந்தத் தீவின் ஒலிபெருக்கிகள் பேசுகின்றன. கடல் தாண்டியவை வாயே திறப்பதில்லை. புயல் எச்சரிக்கை ஒரே குரலாகக் கிளம்ப வேண்டும். கேட்கக் காத்திருக்கும் இருபத்திரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் வழியிலுள்ள ரவுட்டர்களே அதைப் பிரதி எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கான மென்பொருளோடுதான் மல்லுக்கட்டுகிறேன். தலை வெடிக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பிடித்துவிட்டேன்! எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்ற எண் ஒன்றிலேயே இருந்தது. முதல் ரவுட்டரிலேயே குரல் செத்துப்போயிருக்கிறது. பதினாறு என்று மாற்றினேன். எல்லாத் தீவும் பேசியது.

உயிஹா தீவில் மட்டும் ஒரு சில்லறை எரிச்சல். ஊரில் ஏதாவது ஒரு பெட்டி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை “யாருக்கு வேண்டும்?” என்று கேட்க வேண்டும், ஒலிபெருக்கிகள் “எனக்கு” என்று பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் நாலு நிமிடத்தில் கோபுர ரவுட்டர் குரலை அனுப்புவதை நிறுத்திவிடும். அங்கே இந்தக் கேள்விக்கு இரண்டு பேர் போட்டி: கோபுர ரவுட்டர், ஆண்கள் கூடிக் கவா பானம் குடிக்கும் மன்றத்தில் இணையத்துக்காக வைத்த பெட்டி. இரண்டும் மோதிக்கொண்டு பதிவேட்டைக் குப்பையாக்கின. கோபுரத்தை வாய் மூடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். பதிவேடு சுத்தம்.

ஜனவரி 18, ஞாயிறு

உயிஹாவிலிருந்து தங்கை சுலியெட்டி அழைத்தாள். கடற்கரையை ஒட்டிய முதல் வீடு அவளுடையது. வாசலிலேயே ஒலிபெருக்கிக் கம்பம்.

“அக்கா, உமுவ, அந்தக் குழி அடுப்பைத் திறக்க வெளிய வந்தேன். கம்பத்துல இருக்குற உன் பொட்டியில செவப்பு வெளக்கு எரியுது.”

சிவப்பு என்றால் குரல் வரவில்லை. அணைத்துப் போடச் சொன்னேன். பச்சை வந்துவிட்டது. தீர்ந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

மறுபடியும் சிவப்பு. மறுபடியும் அணைத்துப் போட்டாள், பச்சை.

“ஏங்கா, உன் பொட்டியும் ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குதா?”

சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நேற்றும் இன்றும் நாள் முழுக்கச் சோதித்தேன். எல்லாம் பச்சை. ஞாயிறன்று ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறேன் என்று மேலாளர் மனாசேயிடம் கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை வேலையா? போதகர் பேர் சொல்லியே பிரசங்கம் பண்ணுவாரு, வைமோவானா. ஆறு நாள் ஓடுறது ஏழாவது நாள் ஓடாதா?”

ஓடும்தானே? நானும் ஆறு நாளில்தான் சோதித்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான்.

ஜனவரி 30, வெள்ளி

ஒப்படைத்தாயிற்று. “எல்லாச் சோதனையும் முடிந்தது” என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. வைமோவானா என்று முழுப் பெயர். அமைச்சக ஆள் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். என்ன சொல்லி மறுப்பது? என் தங்கை கேலி செய்தாள் என்றா?

ஜனவரி 31, சனி

உயிஹாவில் கையால் சுற்றி ஊதவைக்கும் பழைய அபாயச் சங்கைக் கழற்றிவிட்டார்கள். வடக்கே இருந்த தாழ்வுநிலை புயலாகிவிட்டது. நாளை மாலை நம் பக்கம்.

நாளை ஞாயிறு.

பிப்ரவரி 1, ஞாயிறு

எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் பாயைக் கட்டிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பியவள் அப்படியே அலுவலகத்துக்குப் போனேன். உயிஹாவின் மூன்று ஒலிபெருக்கிகளும் சிவப்பு.

பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்தேன். சனி இரவு பன்னிரண்டுக்கு மன்றத்துப் பெட்டி காணாமல் போகிறது. திங்கள் காலை வருகிறது. போன இரண்டு வாரமும் அப்படியே; நேற்றிரவும் போய்விட்டது. மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபிலிமோனேயை அழைத்தேன்.

“ஆமா, பன்னண்டு அடிச்சா மெயினை எறக்கிடுவேன். கர்த்தரோட நாள் தொடங்கிடுச்சுல்ல? லைட்டு எரிஞ்சா இவனுங்க கவாச் சட்டிய விட்டு எழுந்திரிக்கவா போறானுங்க?”

கேள்வி கேட்கும் ஒரே பெட்டி ஞாயிறு முழுக்கச் செத்துக் கிடக்கிறது. இன்னொன்றின் வாயை அடைத்தது யார்? நான். அணைத்துப் போட்டால் ஒலிபெருக்கி தானாகவே ஒருமுறை “எனக்கு” என்று சொல்லும், நாலு நிமிடம் பச்சை எரியும். அதைப் பார்த்துத்தான் தீர்ந்தது என்று எழுதினேன், பைத்தியக்காரி.

மெயினைப் போடச் சொல்லிப் பயனில்லை. காற்றடித்தால் ஊர் மின்சாரம்தான் முதலில் போகும். கோபுரத்துக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் மட்டுமே பேட்டரி. என் வரியை அழித்து, கோபுர மென்பொருளை இங்கிருந்தே நிறுத்தித் தொடங்க வேண்டும். அது எழாமல் போனால் தீவே ஊமை. சரிசெய்யப் போகப் படகும் இல்லை.

மனாசே ஃபோனில் கத்தினார். “இப்பப் போய் அதுல கைய வைக்காத! ஃபோன் பண்ணிச் சொல்லிக்கலாம்.”

“ஃபோன் டவர் சாஞ்சா?”

ஃபோனை வைத்தேன். வரியை அழித்தேன். நிறுத்தினேன். திரையில் உயிஹா மறைந்தது. ஒரு நிமிடம். இரண்டு. கடவுளே, வா. வந்துடு. சுலியெட்டி, மன்னிச்சுக்கோடி.

மூன்றாவது நிமிடம் கோபுரம் எழுந்தது. கேட்டது. ஒன்று பச்சை, மூன்றும் பச்சை. நாலு நிமிடம் தாண்டியும் பச்சைதான். கால் மணி நேரம் நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் இரண்டுக்கு எச்சரிக்கை போனது. ஐந்து மணிக்கு உயிஹாவின் ஃபோன் செத்தது.

பிப்ரவரி 2, திங்கள்

சேதி இல்லை. சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

கடற்படைப் படகின் ஃபோனிலிருந்து சுலியெட்டி பேசினாள்.

“வீடு போச்சுக்கா. ஒரு தூணு கூட இல்ல. நாங்க அஞ்சு பேரும் பள்ளிக்கூடத்துல இருக்கோம்.”

அழுதேன். அவள் அதட்டினாள். பிறகு அவளே சொன்னாள்: “மொத தடவ கத்துனப்ப சும்மா சோதனைன்னு நெனச்சு மாவு பெசஞ்சுக்கிட்டே இருந்தேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கத்துச்சு. அப்பதான் பிள்ளைங்களத் தூக்கினேன்.”

பத்து நிமிடம் கழித்து. வரியை அழிக்காமல் அணைத்துப் போட மட்டும் சொல்லியிருந்தால், நாலாவது நிமிடத்தில் அது நின்றிருக்கும்.

பிப்ரவரி 6, வெள்ளி

மனாசே தயாரித்த அறிக்கையில் கோளாறுக்குக் காரணம் “உள்ளூர் மின்தடை” என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, ஜனவரி 15 அன்று நான் சேர்த்த வரி என்று எழுதிக் கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்தேன். படித்தார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே, “ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை மறுத்தவன் நான்” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.