டெஸ்மண்டிடம் கட்டணம் கேட்பது

மே 6, செவ்வாய்
கீழ்த்தெருத் தரைத்தள ஃபிளாட்டை வாங்க நான் சொன்ன விலையை ஏற்றுக்கொண்டார்கள். முழங்காலுக்கு நல்ல செய்தி. பத்திர வேலையை டெஸ்மண்டிடமே கொடுப்பதாக மகள் பெவர்லியிடம் சொன்னேன்.

"வக்கீல் ஃபீஸ் எவ்வளவுப்பா?"

தெரியாது என்றேன்.

"தக்காளி வாங்க மூணு கடை ஏறி இறங்குவீங்க. இதுக்குக் கேக்க மாட்டீங்களா?"

டெஸ்மண்ட் வியாழன்தோறும் என்னோடு புல்தரையில் பந்து உருட்டும் 'போல்ஸ்' ஆட்டம் ஆடுகிறவன். அவனிடம் கட்டணம் கேட்பது அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பில் கேட்பது போல. இல்லை, அது சரியான உவமை அல்ல. யோசிக்க வேண்டும்.

மே 7
மற்ற வக்கீல்கள் கட்டணத்தை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஒருவர் 795 பவுண்டு, இன்னொருவர் 1,650. ஏன்? காலையெல்லாம் இதே வேலை. முதல் கணக்கில் '795 முதல்' என்று இருந்தது. அந்த 'முதல்' பொடி எழுத்தில். கீழே, இந்த ஃபிளாட் போல நிலம் வேறொருவருக்குச் சொந்தமான லீஸ் வீடென்றால் தனி, அடையாளம் சரிபார்க்கத் தனி, பணம் அனுப்பத் தனி. கூட்டினால் 1,580. அளவுகோல் இல்லாத வரைபடத்தை நம்பாதே என்று காலமெல்லாம் பையன்களுக்குப் பூகோளம் சொன்னவன் நான்.

டெஸ்மண்டுக்கு இணையதளமே கிடையாது.

மே 8, வியாழன்
கேட்கவில்லை. "என்ன லெஸ், பந்தப் பாக்காம என் மூஞ்சியப் பாக்கற?" என்றான். வெயில் கண்ணில் படுகிறது என்றேன். வானம் மூடியிருந்தது.

மே 9
"அப்ப அந்த 1,580 காரங்ககிட்டயே குடுத்துடுங்க" என்கிறாள் பெவர்லி. கொடுத்தால் டெஸ்மண்டுக்குத் தெரியாமலா போகும்? அப்புறம் எந்த முகத்தோட வியாழக்கிழமை போறது? வியாழன் போச்சுன்னா வாரத்துல எனக்கு என்ன மிச்சம்?

மே 13
அவன் அலுவலகத்துக்கே போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை.

"டெஸ்மண்ட், நீ பொதுவா... அதாவது, எல்லாம் சேத்து..."

அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை நீட்டினான். முனை மடங்காத தாள்.

"இணையதளம் இல்லாத வக்கீல், கேட்டாக் கட்டண விவரம் குடுக்கணும்னு விதி. வருஷா வருஷம் புதுசா அடிச்சு வெக்கறேன். ஒருத்தரும் கேக்கல."

"ஏன்?"

"உன்ன மாதிரிதான். மரியாதையாம்."

விற்க இவ்வளவு, வாங்க இவ்வளவு, அரசுக்குப் போவது தனியே. வாங்குவதற்கு, லீஸ் உட்பட, 1,720.

"நூத்தி நாப்பது அதிகம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"லீஸ் அறுபது பக்கம். இங்க நான் படிப்பேன். அங்க யார் படிப்பாங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை?

"சரி, உனக்காக ஐநூறு குறைக்கறேன்."

வேண்டாம் என்றேன். எனக்குக் குறைத்தால் இந்தத் தாள் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் அவருக்கு எது விலை? இதையெல்லாம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவன் இழுப்பறையை மூடினான். பிறகு, "வியாழக்கிழமை வருவேல்ல?" என்றான்.

மே 14
தூக்கம் வரவில்லை. கோபமா அவனுக்கு?

மே 15, வியாழன்
மழை. ஆட்டம் இல்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

மே 22
வந்தான். என்னைத் தோற்கடித்தான். வேலையை அவனிடமே கொடுத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
சாவி கையில். மாடிப்படி இல்லாத முதல் இரவு. லீஸில் ஒரு வரியைப் பிடித்து, கூரை ரிப்பேர்ச் செலவில் என் பங்கை விற்றவரே கொடுப்பதாக முன்பே எழுதி வாங்கிவிட்டான். பில்லைத் தாளோடு ஒப்பிட்டேன். அதேதான். ஒப்பிட்டதற்குக் கொஞ்சம் வெட்கம்.

செப்டம்பர் 4, வியாழன்
அவன் அலுவலக ஜன்னலில் அந்தத் தாள். அடியில் பேனாவால்: 'நண்பர்களுக்கும் இதே.' ஒரு இளம் தம்பதி நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பஸ்ஸுக்கு நிற்பவன் போல நின்று பார்த்தேன்.

"உன்னால ரெண்டு நண்பனுங்க கோவிச்சுக்கிட்டானுங்க" என்றான் புல்தரையில்.

"நீ?"

"நான் பந்து உருட்ட வந்திருக்கேன். உருட்டு."

ஆட்டம் முடிந்து தேநீர். அதற்கு யார் காசு கொடுப்பது என்று நாங்கள் எந்த வியாழனும் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை.