முகர முடியாத ஒரு வாசகி

வியாழக்கிழமை, 7 ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். கைப்பேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் நான் யாரோடு பேசினாலும் உன் அம்மாவின் காது அங்கே இருக்கும். குறுஞ்செய்தி அனுப்பினாலோ, கண்ணாடியைத் தேடும் சாக்கில் வந்து எட்டிப் பார்க்கிறாள். ஆகவே தபால்.

உன் இரண்டாம் புத்தகத்தின் அச்சுத் திருத்தப் படி 12 ஜூலை அன்று வந்தது. முழுவதும் படித்தேன். ஒரு பிழை உண்டு. பக்கம் 41இல், வங்கி வேலையை அக்டோபரில் விட்டதாக எழுதியிருக்கிறாய். நீ விலகியது 1 நவம்பர் 2016, செவ்வாய்க்கிழமை. அன்று நான் சாப்பிடவில்லை, அதனால் நன்றாக நினைவிருக்கிறது. கைநிறையச் சம்பளத்தை உதறிவிட்டு, மொத்தச் சந்தையில் விலைபோகாத தக்காளியைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து நின்ற பெண்ணைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பனுக்குச் சோறு இறங்கும்? உன் அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். “இது நாளைக்கு, இது இன்னிக்கே, இது உங்கப்பா தலையில போடறதுக்கு” என்று மூன்றாகப் பிரித்தாள். வீணாகும் உணவைக் காப்பாற்றும் உன் தொழில் அந்தத் தரையில்தான் தொடங்கியது. பக்கம் 41 அதைச் சொல்லாதது எனக்குக் குறைதான்.

நான் உணவு டப்பாத் தொழிற்சாலையில் காலாவதித் தேதி குறித்தே ஓய்வு பெற்றவன். நீயோ அந்தத் தேதிகளை நம்பி நல்ல உணவைக் கொட்டாதீர்கள் என்று ஊர் ஊராகப் பேசுபவள். முதல் புத்தக வெளியீட்டில், “எங்கப்பா போட்ட தேதியாலதான் பாதி ஊர்க் குப்பைத்தொட்டி நிறைஞ்சுது” என்றாய். சபை சிரித்தது. முன்வரிசையில் இருந்த நானும் சிரித்துவைத்தேன். உண்மையில் எனக்கு வருத்தமில்லை. டப்பாவின் மேல் இருப்பது பயந்தவன் போடும் தேதி. அதற்குப் பிறகும் உள்ளே இருப்பது நன்றாகவே இருக்கும் என்பது குறித்தவனுக்குத்தான் முதலில் தெரியும்.

ஆனால் புதிய புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தைப் பற்றி உன்னிடம் பேசியாக வேண்டும். ‘என் அம்மாவின் மூக்கு’ என்று தலைப்பிட்டிருக்கிறாய். தேதி தப்பலாம், மூக்கு தப்பாது என்று முடித்திருக்கிறாய்.

மகளே, அந்த மூக்கு போய்விட்டது.

பிப்ரவரியில் வந்த காய்ச்சலை நீ அறிவாய். காய்ச்சல் போனது, போகும்போது வாசனையையும் கொண்டுபோய்விட்டது. எனக்கும் அவள் சொல்லவில்லை. 3 ஜூன் அன்று பால் பொங்கித் தீய்ந்து, புகை கூடம் வரை வந்தபோது, அடுப்புக்கு இரண்டடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்து உன் பத்திரிகைக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தாள். மகள் எழுத்தில் மூழ்கிவிட்டாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

24 ஜூலை அன்று நான் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். முந்தின வாரத்து மீன் குழம்பு குளிர்பெட்டியின் அடியில் இருந்திருக்கிறது. வீணாக்கக் கூடாது என்று சூடாக்கிச் சாப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பியபோது குளியலறைத் தரையில் கிடந்தாள். இரண்டு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏறியது. இப்போது தேறிவிட்டாள், இதில் நான் எதையும் குறைத்து எழுதவில்லை. டாக்டரம்மா, “இது தெருமுனை வரைக்கும் நாறியிருக்குமே, உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்டார். இவள், “லேசா சளிங்க” என்றாள். டாக்டரம்மா போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “பூவும் எனக்கு ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான். அவகிட்ட வாயைத் திறந்தீங்க, அப்புறம் உங்களோட பேச்சே கிடையாது. அவ புத்தகமே என் மூக்கு மேல நிக்குது.”

வாக்குக் கொடுத்தேன். இன்று மீறுகிறேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. செய்தித்தாளை விரித்தால் இரண்டு வரிக்குள் எழுந்து போய் அடுப்புக் குமிழைத் திருகிப் பார்க்கிறேன். “என்ன, அடுப்படியைக் காவல் காக்கிறீங்களா?” என்கிறாள். எரிவாயு கசிந்தால் அலறும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினேன். அதன் மேல் ஈரத் துணியைக் காயப்போட்டிருக்கிறாள். பாத்திரங்களில் தேதி எழுதி ஒட்டினேன். கிழித்துவிட்டு, “இது வீடு, உங்க டப்பா கம்பெனி இல்ல” என்றாள். ஆனால் நேற்றுக் காலை பால் பாத்திரத்தை என் மேசையில், செய்தித்தாளின் மேலேயே வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் முகர்ந்து முகத்தைச் சுளித்தேன். எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுதவில்லை. தேதிக்கும் மூக்குக்கும் நடந்த வழக்கில் இனி எனக்குத் தீர்ப்பே வேண்டாம். ஆனால் நீ பல்லாயிரம் சமையலறைகளுக்கு எழுதுகிறாய். அவற்றில் எத்தனை பேர் இவளைப் போல வாயைத் திறக்காமல் இருக்கிறார்களோ? அத்தியாயத்தை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் அவள் உடைந்துவிடுவாள். முகர முடியாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு பத்தி சேர வேண்டும். அச்சகத்தார் திருத்தங்களை 19 ஆகஸ்ட் வரைதான் ஏற்பார்கள் என்று நீயே எழுதியிருந்தாய்.

அந்தப் பத்தியை நீயாக எழுதாதே, அது அவள் வாயால் வரட்டும். அம்மாவைக் கூப்பிடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வாசனை தெரியாத ஒரு வாசகி இருக்கிறாள், தன் சமையலைத் தானே பார்த்துக்கொள்கிறவள், இந்த அத்தியாயம் எனக்கு எதற்கு என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை என்று சொல். அப்படி ஒருத்தி இருக்கிறாள். ஆதலால் நீ சொல்வது பொய்யாகாது.

உன் பயணங்களும் எழுத்தும் குறைவின்றி நடக்க என் ஆசிகள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மகளே. நீ அப்படிக் கேட்டதும் அவள் சிறிது நேரம் பேசாமல் இருப்பாள். இணைப்பு போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா