போய்சனின் காலர்

மார்ச் 4, 1918
மூன்று வாரம் பறக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். சுடப்பட்டு வந்திருந்தாலும் பெருமையாக இருந்திருக்கும். கைக்குண்டுப் பெட்டியின் மூடி விழுந்து விரல் நசுங்கியது என்று வெளியில் சொல்ல முடியுமா? என் இடத்தில் ஒரு பவேரியாக்காரனைப் போட்டிருக்கிறார்கள். லோரன்ஸ் ஃபாஃபிங்கர்.

மார்ச் 5
சாப்பாட்டு மேசையில் யாரோ, "போய்சனோட ஃபிரான்ஸ் எங்கப்பா?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பவேரியாக்காரன் கையைத் தூக்கிவிட்டான்.

விமானி என்றால் எமில், பின்னால் துப்பாக்கி பிடிப்பவன் என்றால் ஃபிரான்ஸ். ஜெர்மன் விமானப்படை முழுக்க எல்லோருக்கும் அதே பெயர்தான். ஆனால் எட்டு மாதமாக ஹின்ரிக் போய்சன் *என்* எமில். எங்கள் ஹால்பர்ஷ்டாட் விமானத்தில் இருவரும் இருக்க ஒரே குழிதான். அவன் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பான், நான் பின்னால் பார்த்து நிற்பேன். அவன் இருமினால் என் முதுகு குலுங்கும்.

மார்ச் 9
போய்சன் கூப்பிட்டான். "டேய் ஆல்வின், இவனுக்கு நம்ம சைகையெல்லாம் சொல்லிக் குடுடா. இன்ஜின் சத்தத்துல இவன் கத்துறது ஒரு எழவும் கேக்கல."

சொல்லிக் கொடுத்தேன். வலது தோளில் தட்டினால் வலப்பக்கம். முதுகில் இரண்டு குத்து என்றால் குண்டு தீர்ந்தது, வீட்டுக்குப் போ. காலரை மட்டும் சொல்லவில்லை. பின்னால் எதிரி பாயும்போது நான் அவன் காலரைப் பிடித்து இழுத்தால், அவன் திரும்பிப் பார்க்காமல் விமானத்தை இடப்பக்கம் புரட்டித் தரையோடு தரையாக இறங்க வேண்டும். போன நவம்பரில் சாவுக்குத் தப்பி வந்த அன்று நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டது. அது எங்களுடையது. அதையும் தூக்கிக் கொடுக்க வேண்டுமா?

மார்ச் 13
போய்சன் தன் பீட்ரூட் ஜாமில் பாதியை ஃபாஃபிங்கரின் ரொட்டியில் தடவினான். எனக்கு ஒரு நாளும் பாதி தந்ததில்லை.

மார்ச் 21
எங்கள் பெரிய தாக்குதல் தொடங்கிவிட்டது. பனிமூட்டம் விலகியதும் ஆறு விமானங்கள் போயின. ஐந்து வந்துவிட்டன. ஒரு மணி நேரமாகிறது. வராதது போய்சனுடையது.

சொல்லியிருக்கணும். ஒரே வார்த்தை. ஏன்டா சொல்லல? ஜாமுக்காகவா?

அதே நாள், மாலை
வந்துவிட்டார்கள். இறக்கைத் துணி கந்தல். எரிபொருள் தீர்ந்து எங்கோ வயலில் இறங்கி, கடன் வாங்கி ஊற்றிக்கொண்டு வந்தார்களாம்.

"பின்னாலேர்ந்து ரெண்டு இங்கிலீஷ்காரனுங்க," என்றான் போய்சன். "இவன் காலரப் புடிச்சு இழுத்தான் பாரு, பாதி கிழிஞ்சே போச்சு."

"காலரா?"

"ஆமாடா. மொத நாளே நான் சொல்லிட்டேன். ஏன், நீ சொல்லலையா?"

மொத நாளே. நான் பூட்டி வைத்திருந்ததை அவன் முதல் நாளே கொடுத்துவிட்டான்.

"சொன்னேனே," என்றேன்.

ஃபாஃபிங்கர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "அண்ணன் சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு."

அந்த நிமிஷத்தில் அவனை வெறுத்ததுபோல நான் யாரையும் வெறுத்ததில்லை.

மார்ச் 26
விரல் ஆறிவிட்டது. என்னையும் போய்சனையும் கேப்டன் கூப்பிட்டார். "போய்சன், உனக்கு யார் வேணும்? நீயே சொல்லு."

போய்சன் என்னைப் பார்க்கவில்லை. மேசைக் காலைப் பார்த்தான். அவன் வாயால் லோரன்ஸ் பெயரைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

"எனக்கு வேற எமில் குடுங்க சார்," என்றேன்.

வெளியே வந்ததும் போய்சன் என் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2
புது எமில் கோட்லோப் ட்சென்கர், கறிக்கடைக்காரன். கழுத்து எது, தலை எது என்று தெரியாது. அதைச் சுற்றி மஃப்ளர் வேறு. அதை அவிழ்க்கச் சொல்லி, முதலில் காலரைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

புறப்படும் முன் பக்கத்து விமானத்தில் போய்சன் ஏறி உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பின்னால் லோரன்ஸ். காலரில் கிழிந்த இடத்தை யாரோ கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். யார் என்று கேட்கவா வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"டேய் லோரன்ஸ், வந்ததும் அதப் பிரிச்சு இறுக்கித் தைடா. இன்னொரு இழுப்புக்குத் தாங்காது."

"சரிண்ணே," என்றான்.